குடல் முறுக்கு: விடியும் வரை பொறுக்காத நோய்

வயிற்று வலி மனிதர்க்கு நேரும் துன்பங்களுள் மிகவும் பொதுவானது. செரியாமையாலும் வாயுவினாலும் ஒவ்வாத உணவினாலும் தோன்றும் வலிகள் பெரும்பாலும் தாமாகவே தணிந்துவிடுகின்றன. ஆகவே, சுக்குக் கஷாயமோ ஓமத் தண்ணீரோ குடித்துவிட்டு, பொழுது விடியட்டும் என்று பொறுத்திருப்பது தமிழ்க் குடும்பங்களில் நெடுநாளைய வழக்கம். அவ்வழக்கத்தினால் பெரும்பான்மையோருக்குத் தீங்கு எதுவும் நேருவதில்லை. ஆயினும், அங்ஙனம் பொறுத்திருப்பதே உயிருக்கு ஆபத்தாக முடியும் வயிற்று வலிகளும் சில உண்டு. அவற்றுள் முன்னிற்பது குடல் முறுக்கு. முறுக்குண்ட குடலுக்கு இரத்த ஓட்டம் நின்றுவிடுமாயின், அக்குடல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்குகிறது. அழுகிய குடலை மீண்டும் உயிர்ப்பிக்கும் மருந்து எதனையும் விஞ்ஞானம் இதுகாறும் கண்டதில்லை.

இந்நோயைப் பற்றிப் பேசுவோர் பெருநகர மருத்துவமனைகளின் வசதியையும் அறுவை மருத்துவரின் திறமையையுமே பெரிதாகப் பேசுவர். அவை இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. எனினும், நோயாளியின் கதி பெரும்பாலும் அவர் அம்மருத்துவமனையின் வாயிலை அடைவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. இதனைத் தெளிவாக உணர்வதற்குக் கேரளத்தின் கிழக்கெல்லையிலுள்ள எருத்தேன்பதியைப் போன்ற ஓர் ஊரை எண்ணிப் பார்த்தல் தகும்.

எருத்தேன்பதி, பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த ஊராட்சி. தமிழ்நாட்டின் எல்லை அதனை ஒட்டியே செல்கிறது. மழை குறைந்த இப்பகுதியில் தென்னையும் காய்கறியும் பயிரிடுவோர் மிகுதி. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோரும் மிகுதி. மேற்கே சித்தூரில் வட்ட மருத்துவமனை உண்டு. அதற்கு அப்பால் பாலக்காட்டில் மாவட்ட மருத்துவமனையும், 2014-இல் தொடங்கப்பெற்ற அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளன. கிழக்கே எல்லையைக் கடந்தால் பொள்ளாச்சியும் கோயம்புத்தூரும் இருக்கின்றன. ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழின் சார்பில் அமைந்த உலக அறுவைச் சிகிச்சைக் குழு 2015-இல் ஓர் அளவுகோலை வகுத்தது. பேறுகால அறுவை, வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை, எலும்பு முறிந்து வெளிப்பட்ட காயத்திற்கான அறுவை ஆகிய மூன்றையும் செய்யவல்ல மருத்துவமனையை மக்கள் 2 மணி நேரத்திற்குள் அடையக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்பதே அது. வரைபடத்தை விரித்து அளந்தால் எருத்தேன்பதி இவ்வளவுகோலுக்குள் அடங்கிவிடும். ஆனால் குடல் முறுக்கின் கடிகாரம் வண்டி புறப்படும்போது ஓடத் தொடங்குவதில்லை. வலி தோன்றிய கணத்திலேயே ஓடத் தொடங்கிவிடுகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நேரமே பல உயிர்களைக் கொள்ளை கொள்கிறது.

குடல் முறுக்கிக்கொள்வது எவ்வாறு?

மனிதனின் சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுடையது. அது வயிற்றினுள் தளர்ந்து கிடப்பதுபோல் தோன்றினும், குடல்தாங்கி எனப்படும் விசிறி போன்ற மடிப்பொன்றினால் முதுகுப்புறச் சுவருடன் பிணைக்கப்பட்டுள்ளது. குடலுக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்களும், அங்கிருந்து இரத்தத்தை மீட்டுக் கொணரும் குழாய்களும் அவ்விசிறியின் வழியாகவே செல்கின்றன. விசிறியின் அடிப்பகுதி அகலமாயிருப்பின் குடல் எளிதில் சுழலாது. அது குறுகியும், குடற் சுருள் நீண்டும் இருப்பின், சுருள் அவ்வடிப்பகுதியையே அச்சாகக் கொண்டு சுழன்றுவிடக் கூடும்.

அங்ஙனம் சுழன்றவுடன் இரண்டு கேடுகள் ஒருங்கே நிகழ்கின்றன. முதலாவது, சுருளின் இரு முனைகளும் அடைபடுகின்றன. உள்ளே அகப்பட்ட வாயுவும் நீரும் மேலேறவோ கீழிறங்கவோ வழியின்றி, இருபுறமும் கட்டிய பலூனைப் போலச் சுருளை உப்பச் செய்கின்றன. இரண்டாவது, இரத்தக் குழாய்கள் நெரிபடுகின்றன. சுவர் மெல்லியதாகவும் அழுத்தம் குறைந்ததாகவும் உள்ள சிரைகள் முதலில் மூடிக்கொள்கின்றன. தமனிகள் சற்று நேரம் திறந்தேயிருப்பதால், இரத்தம் உள்ளே வந்துகொண்டிருக்கிறது, வெளியேற வழியில்லை. குடற்சுவர் தடித்துக் கருநீலமாகிறது. பின்னர் தமனிகளும் அடைபடுகின்றன. உணவை உறிஞ்சும் உட்படலம் முதலில் இறக்கிறது. பின்னர் சுவர் முழுவதும் இறக்கிறது. இரத்தம் அறவே நின்ற சிறுகுடல் ஏறத்தாழ 6 மணி நேரத்திற்குமேல் உயிருடன் நிலைப்பது அரிது என்பது அறுவை மருத்துவத்தில் பொதுவாகக் கொள்ளப்படும் கணக்கு. முறுக்கு முழுமை பெறாதிருப்பின் இக்காலம் சற்று நீளலாம். அதனை நம்பியிருப்பது அறிவுடைமை ஆகாது.

உயிரோடிருக்கும் குடற்சுவர் தன்னுள் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களுக்குக் கரைபோல் நிற்கிறது. சுவர் இறந்தவுடன் அக்கரை உடைகிறது. கிருமிகளும் அவற்றின் நஞ்சும் வயிற்றறைக்குள்ளும் இரத்தத்திலும் கலக்கின்றன. நாடி விரைகிறது, இரத்த அழுத்தம் வீழ்கிறது, சிறுநீர் குறைகிறது. இந்நிலையில் அறுவைச் சிகிச்சை என்பது குடலைக் காக்கும் முயற்சியன்று. எஞ்சிய உயிரைக் காக்கும் முயற்சியே. அழுகிய பகுதியை முறுக்கவிழ்க்காமல், இரத்தக் குழாய்களை முதலில் பிடித்துக்கொண்டு, அப்படியே வெட்டியெடுக்க வேண்டும் என்று அறுவை மருத்துவர்களுக்குக் கற்பிக்கப்படுவதும் இதனாலேயே. முறுக்கை அவிழ்த்தால் உள்ளே தேங்கிய நஞ்சனைத்தும் ஒரே வெள்ளமாக உடலெங்கும் பாய்ந்துவிடும்.

யாருக்கு நேருகிறது?

பெரியவர்களிடையே மிகுதியாக முறுக்கிக்கொள்வது பெருங்குடலின் கடைசி வளைவு. இதனைச் ‘சிக்மாயிட்’ பகுதி என்பர். இந்தியா, ஆப்பிரிக்க நாடுகள், மேற்காசியா, கிழக்கு ஐரோப்பா ஆகிய பகுதிகளில் இந்நோய் மிகுதியாகக் காணப்படுவதால், இவற்றை இணைக்கும் நிலப்பரப்பை மருத்துவ நூல்கள் ‘முறுக்கு வளையம்’ என்றே குறிப்பிடுகின்றன. நீண்ட பெருங்குடலும் நாட்பட்ட மலச்சிக்கலும் இதற்குத் துணைபோகின்றன. கருவுற்ற பெண்களுக்கும் இது நேரலாம். வளரும் கருப்பை பெருங்குடலை மேலே தள்ளுவதால் அது சுழல இடமேற்படுகிறது; வரும் வலியோ பேற்று வலி என்று தவறாக எண்ணப்படுகிறது.

சிறுகுடல் முறுக்கிக்கொள்வதும் உண்டு. நெடுநேரம் வெறும் வயிற்றுடன் இருந்தபின் ஒரே வேளையில் பேருணவு கொள்வோரிடம் இது தோன்றியதை ஆப்கானிஸ்தானத்தில் பணியாற்றிய மருத்துவர்கள் 1977-இல் பதிவு செய்தனர். முன்னர் வயிற்றில் அறுவை நடந்திருப்பின், உள்ளே உண்டாகும் தழும்புப் பட்டைகளைச் சுற்றியும் குடல் முறுக்கிக்கொள்ளலாம். பாரம் தூக்கும் உழைப்பாளரிடம் காணப்படும் குடலிறக்கம் என்னும் ஹெர்னியாவில் குடல் நெரிபட்டாலும் விளைவு ஒன்றே. இதய நோயாளிகளின் இதயத்திலிருந்து பெயர்ந்த இரத்தக் கட்டி குடல் தமனியை அடைத்துக்கொண்டால், முறுக்கு இல்லாமலேயே குடல் அழுகிவிடும். அப்போது வலி கொடிதாயிருக்க, வயிறோ தொட்டுப் பார்ப்போருக்கு மென்மையாகவே தோன்றும். இப்பொருத்தமின்மையே அந்நோயின் முதல் அடையாளம். உரிய காலத்தில் அறியப்படாவிடின் இதில் பாதிக்கு மேற்பட்டோர் மாள்கின்றனர்.

பச்சிளங் குழந்தைகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. கருவில் வளரும் குடல் உரிய முறையில் திரும்பி அமையாமல் பிறக்கும் குழந்தைகள் சில உண்டு. அவற்றுக்குக் குடல்தாங்கியின் அடிப்பகுதி மிகக் குறுகியிருப்பதால் சிறுகுடல் முழுவதுமே ஒருசேர முறுக்கிக்கொள்ளக் கூடும். பெரும்பாலும் பிறந்த முதல் மாதத்திலேயே இது வெளிப்படுகிறது. குழந்தை பச்சை நிறத்தில் வாந்தியெடுப்பதே இதன் அறிகுறி. பிறந்த குழந்தையின் பச்சை வாந்தியை, வேறெனத் தெளிவுறும் வரையில், குடல் முறுக்கு என்றே கொள்ளவேண்டும் என்பது குழந்தை அறுவை மருத்துவத்தின் அடிப்படை விதி. பாஸ்டன் நகரின் மருத்துவர் வில்லியம் லாட் என்பார் 1930-களில் இதற்கான அறுவை முறையை வகுத்தளித்தார். காலத்தில் செய்தால் குழந்தை முற்றும் நலம் பெறுகிறது. காலம் தவறினாலோ சிறுகுடல் முழுதும் அழிந்து, உயிர் பிழைத்தாலும் உணவை ஏற்க இயலாத வாழ்வே எஞ்சுகிறது.

இப்பிறவிக் குறை குழந்தைப் பருவத்தில் வெளிப்படாமல் நெடுங்காலம் மறைந்திருப்பதும் உண்டு. ‘பீ கீஸ்’ என்னும் இசைக் குழுவால் உலகப் புகழ் பெற்ற மாரிஸ் கிப், 2003 ஜனவரி 12-ஆம் நாள், தம் 53-ஆம் வயதில், அமெரிக்காவின் மையாமி பீச் நகரில் குடல் முறுக்கின் விளைவாக இறந்தார். பணமும் புகழும் நகர வசதியும் உடையவர்க்கும் இந்நோய் சலுகை காட்டுவதில்லை என்பதற்கு அது சான்று.

பழைய அறிவும் புதிய கருவியும்

குடலடைப்பை முன்னோர் அறியாதவரல்லர். சுசுருத சம்ஹிதை இதனை ‘பத்தகுதோதரம்’ என்னும் பெயரால் குறிப்பிட்டு, வயிற்றைத் திறந்து குடலை வெளியே எடுத்து அடைப்பை நீக்கும் முறையையும் கூறுகிறது. கிரேக்க நாட்டு ஹிப்போக்ரட்டஸ் மரபினர் துருத்தியைக் கொண்டு மலவாயின் வழியே காற்றைச் செலுத்திக் குடலை நேராக்க முயன்றனர். அம்முயற்சியின் உட்கருத்து பிழையானதன்று என்பதைப் பிற்கால விஞ்ஞானம் மெய்ப்பித்தது. நோர்வே நாட்டு மருத்துவர் புரூஸ்கார்ட் 1947-இல், மலக்குடலின் வழியே ஓர் உள்நோக்குக் குழாயைச் செலுத்தி, முறுக்குண்ட பெருங்குடலில் தேங்கிய வாயுவை வெளியேற்றி முறுக்கை அவிழ்க்கும் முறையை வெளியிட்டார். இன்று வளையும் உள்நோக்குக் கருவிகளைக் கொண்டு அம்முறையே கையாளப்படுகிறது. எக்ஸ்ரே படத்தில் காப்பிக் கொட்டையைப் போல் உப்பித் தோன்றும் பெருங்குடலும், சி.டி. படத்தில் சுழல்போல் தோன்றும் இரத்தக் குழாய்களும் நோயைக் காட்டிக் கொடுக்கின்றன.

எனினும் உள்நோக்கு முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. குடல் இன்னும் அழுகாமல் இருத்தல் வேண்டும். அழுகிய பின் கருவியைச் செலுத்தினால் குடல் பொத்துவிடும். ஆகவே, வயிற்றைத் திறக்காமலே பலருக்கு முறுக்கை அவிழ்த்துவிடக் கூடிய இந்த எளிய வழி, காலத்தில் வந்தோருக்கு மட்டுமே திறந்திருக்கிறது. அவிழ்ந்த முறுக்கு மீண்டும் வருவது மிக இயல்பாதலால், வலி தீர்ந்தது என்று வீடு திரும்பிவிடாமல், உடல்நிலை இடங்கொடுப்பின் அதே முறையிலேயே தங்கி, நீண்ட குடற்பகுதியை அகற்றிக்கொள்வதே நல்லது.

சென்னை அரசினர் பொது மருத்துவமனையின் முகப்பில் டாக்டர் எஸ். ரங்காச்சாரியின் சிலை நிற்கிறது. 1934-இல் மறைந்த அப்பெரியார், தொலைவிலுள்ள நோயாளிகளிடம் விரைந்து செல்வதற்கெனச் சிறு விமானம் ஒன்றைச் சொந்தமாக வைத்திருந்தார். அறுவை மருத்துவத்தில் கைத்திறனுக்கு நிகரானது காலம் என்பதை அவர் அறிந்திருந்தார். அன்று மருத்துவர் நோயாளியைத் தேடிப் பறந்தார். மயக்க மருந்து நிபுணர், இரத்த வங்கி, தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகிய யாவும் ஒருங்கே தேவைப்படும் இன்றைய அறுவைச் சிகிச்சையில், நோயாளியே மருத்துவமனையை நாடிச் செல்ல வேண்டியுள்ளது. ஆகையால் காலத்தைக் காக்கும் பொறுப்பும் மருத்துவரிடமிருந்து குடும்பத்துக்கும், முதல் நிலை மருத்துவருக்கும், அரசாங்கத்துக்கும் பரவியுள்ளது.

மூன்று தாமதங்கள்

தாய்மார் இறப்பை ஆராய்ந்த தாடியஸ், மெய்ன் என்னும் இருவர் 1994-இல் மூன்று தாமதங்களை எடுத்துக்காட்டினர். மருத்துவ உதவி தேடத் தீர்மானிப்பதில் தாமதம், மருத்துவமனையை அடைவதில் தாமதம், அடைந்த பின் தக்க சிகிச்சை கிடைப்பதில் தாமதம் என்பன அவை. குடல் முறுக்கிற்கும் இப்பாகுபாடு முற்றும் பொருந்தும்.

எருத்தேன்பதியில் உழவர் ஒருவருக்கு இரவு 9 மணிக்கு வயிற்றில் வலி கண்டது எனக் கொள்ளலாம். வயிறு சற்றே உப்பியிருக்கிறது, வாந்தியும் உண்டு. வீட்டார் அதனை வாயு என்கின்றனர். வயிறு கழிந்தால் சரியாகிவிடும் என்று விளக்கெண்ணெய் கொடுக்கின்றனர். அடிவயிற்றில் எண்ணெய் தேய்த்து வழிக்கின்றனர். நள்ளிரவில் வலி மிகுகிறது. காலையில் பார்க்கலாம் என்று காத்திருக்கின்றனர். விடியும்போது 9 மணி நேரம் கடந்துவிட்டது. அண்மையிலுள்ள மருத்துவர் ஓர் ஊசி போட்டு மாலை வரை பார்க்கச் சொல்கிறார். மாலையில் வேறோர் ஊருக்கு அனுப்பப்படுகிறார். அங்கும் இடமில்லை என்று மீண்டும் வண்டியேறுகிறார். பயணத்தில் செலவான நேரம் மொத்தமாகக் கூட்டினாலும் 2 மணி நேரத்தைச் சிறிதே மிஞ்சும். அறுவை மேசையை அடைந்தபோதோ 24 மணி நேரம் கழிந்திருக்கும். இவருக்குத் தீங்கு செய்தது தொலைவு அன்று என்பது சொல்லாமலே விளங்கும்.

முதல் தாமதத்தைக் களைவது குடும்பத்தின் கையில் உள்ளது. அடைபட்ட குடலுக்குப் பேதி மருந்து கொடுப்பது, மூடிய மதகுக்கு மேலே நீரைப் பெருக்குவதற்கு ஒப்பாகும். குடல் மேலும் உப்பிக் கிழியவும் கூடும். குழந்தைகளுக்குக் ‘குடலேற்றம்’ என்று கூறி வயிற்றைத் தட்டி வழிப்பதும், ‘உரம் விழுந்தது’ என்று கூறித் துணியிலிட்டு உருட்டுவதும் தமிழ்நாட்டிலும் எல்லைப் பகுதிகளிலும் பழகிப்போனவை. அழுத குழந்தை பல வேளைகளில் தானாகவே தேறிவிடுவதால் இவற்றின்மீது நம்பிக்கை வளர்ந்தது. இம்மருத்துவம் செய்யும் முதியோர் நல்லெண்ணத்தோடுதான் செய்கின்றனர். அவர்களைப் பழிப்பதால் பயனில்லை. பச்சை வாந்தி எடுக்கும் குழந்தையைத் தொடாமல் மருத்துவமனைக்கு அனுப்பிவிட வேண்டும் என்ற ஒன்றை அவர்களுக்கு விளக்குவதே பயன் தரும். பெரியவர்களைப் பொறுத்தவரை நான்கு அறிகுறிகளை ஒவ்வொரு வீடும் அறிந்திருத்தல் வேண்டும்: விடாமல் மிகும் வலி, உப்பிய வயிறு, மலமும் வாயுவும் அறவே வெளியேறாமை, வாந்தி. இவற்றுடன் காய்ச்சலோ, மலத்தில் இரத்தமோ, குளிர்ந்த வியர்வையோ சேருமாயின் ஒரு நிமிடமும் காத்திருத்தல் ஆகாது. தொட்டால் வலிக்கும், உள்ளே தள்ளினால் போகாத ஹெர்னியா வீக்கமும் இவ்வகையைச் சேர்ந்ததே. வாய்வழியாக உணவோ மருந்தோ கொடுக்காமல், வலி தொடங்கிய நேரத்தை ஒரு தாளில் குறித்துக்கொண்டு புறப்பட வேண்டும். இத்தாள் ஒன்றே மருத்துவமனையில் பல கேள்விகளுக்கு விடையாகும்.

இரண்டாம் தாமதத்தில் மாநில எல்லை குறுக்கிடுகிறது. சித்தூர் வட்டம் பழைய கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழியே கேரளம் அமைந்தபோது இப்பகுதி அம்மாநிலத்தில் அடங்கியது. ஆட்சி எல்லை ஒருபுறமிருக்க, மக்களின் சந்தையும் உறவும் மருத்துவமும் இன்றளவும் இருபுறமும் பரவியே உள்ளன. அவசர ஊர்தியின் அழைப்பு எண் இரு மாநிலங்களிலும் 108 ஒன்றே. தமிழ்நாட்டில் அச்சேவை 2008-இலும், கேரளத்தில் மாநிலம் முழுமைக்குமாக 2019-இலும் ஏற்பட்டது. ஆனால் நிர்வாகங்கள் தனித்தனி. எல்லைக்கு அருகில் கைப்பேசியில் செய்யும் அழைப்பு எந்த மாநிலத்து நிலையத்துக்குச் செல்லும், அங்கிருந்து வரும் ஊர்தி நோயாளியை எல்லை தாண்டிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுமா என்பன நள்ளிரவில் ஆராயத்தக்க கேள்விகள் அல்ல. அவற்றுக்கு இரு அரசாங்கங்களும் பகலிலேயே விடை கண்டு, எழுத்தில் உடன்பட்டு, ஊராட்சி அலுவலகங்களில் எழுதி ஒட்டுதல் வேண்டும். 2018 செப்டம்பரில் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரியின் மக்கள் ஆரோக்கியத் திட்டத்தில், தகுதி பெற்ற குடும்பம் எந்த மாநிலத்திலுள்ள இணைப்பு மருத்துவமனையிலும் சிகிச்சை பெறலாம் என்ற விதி அமைந்துள்ளது. எல்லைப்புற மக்களுக்கு இவ்விதியைப்போல் பயனுடையது பிறிதில்லை. இதனை அறிந்தோரின் தொகை பெருக வேண்டும்.

மொழியும் இங்கு ஒரு பொருட்டே. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுடன் கடிதத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. அச்சட்டத்தின் நோக்கம் மருத்துவமனையின் வாயிலோடு நின்றுவிடலாகாது. எப்போது வலி தொடங்கியது, வாயு கடைசியாக எப்போது பிரிந்தது என்னும் கேள்விகளின் விடையில்தான் நோய் அறிதல் அடங்கியுள்ளது. அறுவைக்கு ஒப்புதல் கேட்கும் படிவமும், குடலின் முனையை வயிற்றுச் சுவரில் திறந்துவைக்க நேரலாம் என்னும் விளக்கமும் தமிழில் அமைந்தால், வீட்டார் தயங்கி நிற்கும் நேரம் பெரிதும் குறையும்.

எல்லைப் பகுதிகள் யாவும் ஒரே தன்மையன அல்ல என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். இடுக்கி மாவட்டத்து மலைத் தோட்டங்களில் வாழும் தமிழ்த் தொழிலாளர்க்கு மேற்கே கோட்டயமும் கிழக்கே தேனியும் மருத்துவக் கல்லூரிகள் உள்ள இடங்கள். எப்புறம் இறங்கினும் மலைப்பாதையே. அவர்களுக்குப் பயண நேரத்தைக் குறைப்பது கடினமாதலால், புறப்படும் முடிவை இன்னும் முன்னதாகவே எடுத்தல் அவசியமாகிறது.

மூன்றாம் தாமதத்தைக் களைவது மருத்துவர்களின் கடமை. சிறிய மருத்துவமனையில் அறுவைக்கு வசதியில்லாமற் போகலாம்; ஆயினும் செய்யத்தக்கவை பல உள. தொடையிடுக்கைப் பார்த்து ஹெர்னியா உண்டா என்று அறிதல், விரலால் மலக்குடலைச் சோதித்தல், மூக்கின் வழியே குழாய் செலுத்தி வயிற்றிலுள்ளதை வெளியேற்றுதல், சிரை வழியே உப்புநீரும் கிருமிக்கொல்லி மருந்தும் ஏற்றுதல் ஆகியவற்றுக்குப் பெருங்கருவி எதுவும் தேவையில்லை. வலி நீக்கும் மருந்து கொடுத்தால் நோய் மறைந்துவிடும் என்னும் பழங்கொள்கை இன்று கைவிடப்பட்டது. நோயாளியை வலியில் துடிக்கவிட வேண்டியதில்லை. ஆனால் ஊசியினால் வலி தணிந்ததைக் கண்டு நோயே தணிந்தது என்று முடிவு செய்தல் கூடாது. குடல் இறக்கும்போது நரம்பும் இறப்பதால் வலி சிறிது நேரம் குறைந்து தோன்றுவதும் உண்டு. இரத்தப் பரிசோதனை எண்கள் தொடக்கத்தில் இயல்பாக இருப்பதும் குடல் நலமாயுள்ளது என்பதற்கு உறுதி ஆகாது.

அனுப்பும் முன் தொலைபேசியில் கேட்டு, இடமும் அறுவை மருத்துவரும் உண்டு என்று உறுதி செய்துகொள்வது எல்லாவற்றினும் முக்கியம். 1996-இல் மேற்கு வங்காளத்து வழக்கொன்றில், இரயிலிலிருந்து விழுந்து காயமுற்ற ஒருவர் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் இடமில்லை என்று திருப்பப்பட்டதை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், அவசர சிகிச்சை மறுக்கப்படுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழும் உரிமையை மீறுவதாகும் என்று தீர்ப்பளித்தது. படுக்கை எங்குள்ளது என்பதை உடனறியத் தகவல் தொடர்பு அமைப்பு வேண்டும் என்றும் அத்தீர்ப்பு வலியுறுத்தியது. அவ்வறிவுரை குடல் முறுக்குற்றவர்க்கும் முழுமையாகப் பொருந்தும்.

மறுப்புகளும் விடையும்

வயிறு வலித்தோர் அனைவரையும் நகரத்துக்கு அனுப்பினால் பெரிய மருத்துவமனைகள் நெரிசலில் திணறும் என்று சிலர் கூறக்கூடும். இம்மறுப்பு புறக்கணிக்கத் தக்கதன்று. ஆனால் இங்கு வேண்டப்படுவது எல்லா வயிற்று வலியும் அன்று. மேற்கூறிய அறிகுறிகள் உடைய வலி மட்டுமே. அவ்வாறு அனுப்பப்பட்டோருள் சிலருக்குக் குடல் முறுக்கு இல்லை என்று தெரியவரலாம். அவர்களுக்கு நேர்ந்த இழப்பு ஓரிரவுப் பயணமும் ஒரு படச் செலவுமே. அனுப்பாமல் விடப்பட்ட ஒருவரின் இழப்பை அதனோடு ஒப்பிட இயலாது.

ஒவ்வோர் ஊரிலும் அறுவைக் கூடம் அமைப்பதே தீர்வு என்று வேறு சிலர் வாதிப்பர். கட்டடம் எழுப்புதல் எளிது. இரவும் பகலும் அறுவை மருத்துவரும், மயக்க மருந்து நிபுணரும், பயிற்சி பெற்ற செவிலியரும், இரத்தமும் அங்கிருக்கச் செய்வது எளிதன்று. மாதத்தில் ஓரிருமுறை மட்டுமே பெரிய வயிற்று அறுவை நடக்குமிடத்தில் திறமையும் மங்கிவிடும். எருத்தேன்பதியைப் போன்ற, நகரங்களுக்கு நடுவே அமைந்த ஊருக்கு, புதுக் கூடத்தினும் தேவையானது உரிய நேரத்தில் எடுக்கப்படும் முடிவே. அதே வேளையில், ஹெர்னியா உள்ளவர்கள் நெரிசல் நேரும் வரை காத்திராமல், உழவு வேலை குறைந்த காலத்தில் வட்ட மருத்துவமனையிலேயே அறுவை செய்துகொள்ள வசதி செய்தால், குடல் அழுகலில் ஒரு பகுதி தோன்றாமலேயே தடுக்கப்படும்.

இவை அனைத்தினும் செலவு குறைந்த சீர்திருத்தம் ஒன்றுண்டு. குடலடைப்புடன் வரும் ஒவ்வொரு நோயாளிக்கும் வலி தொடங்கிய நேரம், முதல் மருத்துவர் பார்த்த நேரம், அனுப்பிய நேரம், அறுவை தொடங்கிய நேரம் ஆகிய நான்கையும் மருத்துவமனைகள் ஒரு பதிவேட்டில் குறித்து வருதல் வேண்டும். இரு மாநிலங்களின் மருத்துவமனைகளும் ஆண்டுக்கு ஒருமுறை அப்பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்தால், காலம் எங்கு வீணாகிறது என்பது வெளிப்படும். வீட்டில் வீணாகிறதா, வழியில் வீணாகிறதா, வாயிலில் வீணாகிறதா என்பதை அறியாமல் செய்யும் எந்தச் சீர்திருத்தமும் இருளில் துழாவுவதே ஆகும்.

குடல் முறுக்கு முற்றிலும் தடுக்கக்கூடிய நோயன்று. அது யாருக்கு எப்போது வரும் என்று சொல்லவும் இயலாது. ஆனால் முறுக்கிலிருந்து அழுகலுக்குச் செல்லும் வழி சில மணி நேர நீளமுடையது. அவ்வழியில் நோயாளியை மறித்து மீட்பது மனித முயற்சிக்கு உட்பட்டதே. எருத்தேன்பதியிலிருந்து பாலக்காட்டுக்கும் கோயம்புத்தூருக்கும் செல்லும் சாலைகள் இரவிலும் திறந்தேயிருக்கின்றன. வலி கண்ட அன்றிரவே அச்சாலையில் ஒரு வண்டி புறப்படுமாறு செய்வதே இத்துறையில் அரசாங்கமும் மருத்துவரும் மக்களும் ஒருங்கே ஆற்றவேண்டிய பணியாகும்.